வெயில் ஏறியதும் நின்ற கார்

பாளையம்பட்டியில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். திருச்சுழிக்காரர் ஒருவர் தன் பழைய பெட்ரோல் காரைக் கொண்டுவந்து விட்டார். "வெயில் ஏறிட்டா, ஓடும்போதே நின்னுபோகுதுண்ணே" என்றார்.

மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ஹால் சென்சார் சிக்னல் தராவிட்டால் பிளக்கில் தீப்பொறி வராது, இன்ஜின் நின்றுவிடும். மறுநாள் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, அதை மீட்டர் வைத்துப் பார்த்தேன். சிக்னல் சரியாக வந்தது. ஒயர்தான் லூஸ் என்று நினைத்து, அதை இறுக்கி மாட்டிவிட்டேன்.

மதியம் காரை ஒப்படைக்கக் கிளம்பினேன். திருச்சுழியில் தன் அக்காவைப் பார்க்க என் மனைவியும் கூட வந்தாள். வழியில் ரயில்வே கேட்டைக் கடக்கும்போது, தண்டவாளத்தின் மேலேயே இன்ஜின் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ரயிலு வாற நேரம், கேட்டைச் சாத்தணும், இறங்குங்க!" என்று கத்திக்கொண்டே கேட்கீப்பர் ஓடிவந்தார்.

மனைவியை இறங்கி ஓடச் சொன்னேன். அவள் பின்னால் போய்த் தள்ளினாள். கார் அசையவில்லை.

"ஏங்க, கியர்ல கெடக்கு!"

அவள் அலறிய பிறகுதான் நியூட்ரலுக்கு மாற்றினேன். பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து தள்ளிவிட்டார்கள். நாங்கள் ஓரம் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ரயில் கடந்து போனது. அவள் என் சட்டையைப் பிடித்த பிடியை விடவேயில்லை.

அங்கேயே மீட்டரை வைத்தேன். சிக்னல் இல்லை. சூடு ஆறியதும் திரும்ப வந்தது.

இப்போதெல்லாம் இப்படி நின்றுபோகும் வண்டி வந்தால், இன்ஜினை நன்றாகச் சூடேற விட்டு, அந்தச் சூட்டில்தான் சென்சாரைச் சோதிக்கிறேன். அதுவரை அந்த வண்டியில் யாரையும் ஏற்றுவதில்லை.