மூன்று நாட்டு ஸ்பானிஷும் ஒரு சந்தனத் தட்டும்

மானகிரி பெல்சிக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். கீழச்சிவல்பட்டியில் ஹோட்டலாகிவிட்ட ஒரு செட்டியார் வீட்டில் அவள் வழிகாட்டியாக வந்தவள், நான் படுக்கை விரிப்பு மாற்றுகிறவள். அவள் பட்ட பாடெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

முதலில் செல்போனில் ஒரு மெக்சிகோக்காரியின் பாடத்தைக் கேட்டுப் படித்தாள். ஆறு மாதம். அப்புறம் ஸ்பெயினிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. பழச்சாறு வேண்டுமா என்று 'ஹூகோ' போட்டுக் கேட்டாள். அவர்களுக்குப் புரிந்தது, ஆனாலும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவர்கள் ஊரில் அது 'தூமோ'வாம். அந்தத் 'தூ'வையும் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றாக விட வேண்டுமாம். பின்கட்டில் உட்கார்ந்து அழுதாள். மறுநாளே ஒரு நீள நோட்டு வாங்கி ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜென்டினா என்று மூன்று பத்தியாகக் கோடு போட்டாள். தெருவுக்கு மெக்சிகோவில் 'காயே', அர்ஜென்டினாவில் 'காஷே'. பஸ்ஸில் வாயை அசைத்துக்கொண்டே வருவாள். ஜெபமாலை சொல்கிறாள் என்றே கண்டக்டர் நினைத்திருந்தார்.

இவ்வளவும் எதற்கு? அப்போது நாலு வருஷமாக அவள் தினக்கூலி. வேலை நிரந்தரமாக வேண்டும், அவ்வளவுதான்.

போன வருஷம் மேனேஜர் மெய்யநாதன் கூப்பிட்டார். "முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு இந்த வீடு பூராத்தையும் பத்தி மூணு நாட்டுப் பேச்சுலயும் பேசிப் பதிஞ்சு குடும்மா. நிரந்தரம் பண்ணிருவோம்."

ஒரு வாரம் பேசினாள். வெளிச்சத்தம் வராமல் இருக்க நான்தான் மெத்தைகளைத் தூக்கிச் சுவரில் சாய்த்துக் கொடுத்தேன். அந்தக் கையை இப்போது வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

மறு மாதமே காதில் மாட்டும் கருவி வந்துவிட்டது. பட்டனை அமுக்கினால் பெல்சி பேசுவாள். மெய்யநாதன் சொன்ன சொல் தவறவில்லை, நிரந்தரம் ஆக்கினார். வாசலில் சந்தனம் குங்குமத் தட்டு ஏந்தி நிற்க! ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள், வருகிறவன் போகிறவன் நெற்றிக்கெல்லாம் பொட்டு வைக்கிறாள். விருந்தாளிகளிடம் ஸ்பானிஷில் வாயே திறக்கக் கூடாது என்று கண்டிஷன் வேறு. அவள் பேசினால் கருவியை யார் வாடகைக்கு எடுப்பார்கள்? ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ.

போன வெள்ளிக்கிழமை அர்ஜென்டினாவிலிருந்து வயதான ஓர் அம்மாள் வந்திருந்தார். கருவியைக் கேட்டுக்கொண்டே வந்தவர் வளவு முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டார். "யார் குரல் இது? எங்கள் ஊர்க்காரி மாதிரியே பேசுகிறாளே" என்று மெய்யநாதனிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"கம்பெனி ஏற்பாடு மேடம்" என்று இளித்தார் அவர்.

பெல்சி இரண்டடி தள்ளித் தட்டோடு நின்றாள். அந்த அம்மாள் அவள் பக்கம் திரும்பி, பாஷை தெரியாதவளிடம் கேட்கிற மாதிரி, கட்டைவிரலை வாயருகே சாய்த்துக் காட்டித் தண்ணீர் கேட்டார். பெல்சி தலையாட்டிவிட்டுப் போய்க் கொண்டுவந்து கொடுத்தாள்.

தனியாகக் கிடைத்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "அந்தம்மா ஊருப் பேச்சுல ஒரு வார்த்த சொன்னா என்னடி?"

"அவுக காதுல நான்தான பேசிக்கிட்டு இருக்கேன்க்கா" என்றாள், சந்தனத்தைக் குழைத்தபடி. "குறுக்க நான் எதுக்கு?"