பேச்சியம்மாள் அக்காவின் வண்டிக்கு எஃப்.சி.

ஓடாத வண்டியை ஓட வைப்பதைவிட, ஓடுகிற வண்டியை அதிகாரி முன்னால் நிறுத்திக் காட்டுவதுதான் மெக்கானிக்குக் கஷ்டம். பழைய வண்டி வைத்திருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பதினைந்து வருடம் முடிந்த பைக்கை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டித்தான் ஆர்.சி.யைப் புதுப்பிக்க முடியும். லாரி, பஸ்ஸுக்கு எடுக்கிற தகுதிச் சான்று மாதிரி, சங்கரன்கோவிலில் அதற்கும் எஃப்.சி. என்றுதான் பேர். இருபது வருடமாக இங்கே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், எத்தனையோ வண்டிகளைக் காட்டியிருக்கிறேன். ஆனால் நினைத்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோன்றுவது பேச்சியம்மாள் அக்காவின் நூறு சிசி வண்டியைக் காட்டிய வாரம்தான்.

இண்டிகேட்டர்

அக்காவுக்குக் கரிவலம்வந்தநல்லூர். சுற்றுக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை. வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போனதும், அவருடைய கியர் வண்டியைத் தானே ஓட்டப் பழகிக்கொண்டவர். ஆர்.சி. காலாவதியாக நாலு நாள்தான் இருந்தது. அது முடிந்துவிட்டால் வண்டியை ரோட்டில் எடுக்க முடியாது. பஸ் போகாத ஊர்களில் மாத்திரைக்குக் காத்திருப்பவர்கள் பாடு திண்டாட்டம். வியாழக்கிழமை பாஸ் ஆகியே தீரவேண்டும் என்று சொல்லித்தான் வண்டியை விட்டார்.

பார்த்தால், நாலு இண்டிகேட்டரில் ஒன்றுகூட இல்லை. நாலையும் புதுசாக மாட்டிக்கொண்டே, இத்தனை வருடம் இப்படியேவா ஓட்டினீர்கள் என்று கேட்டேன்.

"நான் எந்தத் தெருவுல திரும்புவேன்னு ஊருக்கே தெரியும் தம்பி. அதுக்கு லைட்டு வேற போட்டுக் காட்டணுமாக்கும்!"

ஹாரன்

ஹாரன் புத்தம் புதுசாக இருந்தது, சத்தம்தான் வரவில்லை. பேட்டரியைப் பார்த்தேன், சுவிட்சைக் கழற்றினேன், அரை நாள் போச்சு. கடைசியில் பார்த்தால், யாரோ வயரைப் பிடுங்கி, நுனியில் பாந்தமாக டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். எந்த மெக்கானிக் பார்த்த வேலை இது என்று அக்காவுக்கு போன் போட்டுக் கத்தினேன்.

"நாந்தான் பிடுங்குனேன். ஹாரன் சத்தம் கேட்டா, மாத்திர ஒழுங்காப் போடாதவன் பூரா பொறவாசல் வழியா ஓடிருதான். சோதன முடிஞ்சதும் மறுபடி பிடுங்கி விட்டுருங்க."

பெயின்ட்

ஹேண்டில் பாருக்குக் கீழே ஃபிரேமில் சேஸ் நம்பர் பொறித்திருக்கும். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, விழுகிற பிரிண்டை ஃபாரத்தில் ஒட்டவேண்டும். அதை முதல் நாளே எடுத்துவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். துருப்பிடித்த ஃபிரேமோடு அக்காவை அனுப்ப மனசு வரவில்லை. ஸ்ப்ரே டப்பாவை எடுத்துக் கருகருவென்று அடித்தேன். பிரிண்டுதான் எடுத்தாச்சே என்ற நினைப்பில் நம்பர் மேலேயும் ரெண்டு கோட்டிங் போட்டேன். எல்லாம் ஆர்வக்கோளாறு! புதன்கிழமை வந்த அக்கா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எங்க வீட்டுக்காரரு பாத்தா இது தன் வண்டின்னே நம்ப மாட்டாக."

வியாழக்கிழமை

அதிகாரி லைட், பிரேக், ஹாரன் எல்லாம் பார்த்தார். பிறகு ஃபாரத்தில் இருந்த பிரிண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கக் குனிந்தவர், "நம்பர் எங்கய்யா?" என்றார். அங்கே வழுவழுவென்று கறுப்பு மட்டும்தான் இருந்தது. சட்டென்று ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். "சுரண்டினா, நம்பர்ல கை வச்சதா எழுதிருவேன்" என்றார். அப்படி எழுதிவிட்டால் வண்டி மாதக்கணக்கில் முடங்கிவிடும்.

அக்கா தன் வேலைப் பையைத் திறந்தார். சுகர் பார்க்க விரலில் குத்துவதற்குமுன் துடைக்கிற ஸ்பிரிட்டும் பஞ்சும் வெளியே வந்தன. ஸ்ப்ரே அடித்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்ததால், விடாமல் தேய்க்கத் தேய்க்கப் பெயின்ட் இளகியது. அரைக்கட்டுப் பஞ்சு கறுத்தபிறகு நம்பர் முழுசாகத் தெரிந்தது. அதிகாரி சரிபார்த்தார். அப்புறம் என்னை முறைத்துக்கொண்டே, "நம்பர் மேல பெயின்ட் அடிச்சது யாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டார். "நாந்தான் சார் அடிக்கச் சொன்னேன். இந்தத் தம்பி வேண்டாம்னுதான் சொல்லுச்சு." கையெழுத்து விழுந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தோம். என்னால் அவர் பிழைப்பே முடங்கியிருக்கும். திட்டித் தீர்க்கவேண்டியவர், பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு எனக்கு மானத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஏன்க்கா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒங்க மூஞ்சியப் பாத்தேன் தம்பி, பிரஷர் எப்படியும் நூத்தி எம்பதத் தாண்டியிருக்கும். இன்னைக்கின்னு பாத்து பையில மாத்திர வேற இல்ல. பொறவு நான் என்ன செய்ய?"

பதினைந்து வருட வண்டி துடைத்ததும் பாஸாகிவிட்டது, இருபது வருட மெக்கானிக்கைத்தான் அக்கா தள்ளிக்கொண்டுபோய்ப் பாஸாக்க வேண்டியிருந்தது.