அக்காவுக்கு வாங்கிப்போன பூட்ஸ்

சிங்கப்பூருக்குப் போவதற்கு முன்னால் ஏணியைப் பார்த்தால் எனக்கு ஏணி மட்டும்தான் தெரியும். கப்பல் பட்டறையில் ஒன்பது வருஷம் சாரம் ஏறி வேலை பார்த்த பிறகு, ஏணியைப் பார்த்தால் அதிலிருந்து விழப்போகிறவன் தெரிகிறான். லீவில் ஊருக்கு வந்தால் வாய் சும்மா இருக்காது. கல்யாண வீட்டில் ஈரத் தரையில் ஒயர் இழுத்தவனோடு சண்டை. சாரத்தில் பெல்ட் இல்லாமல் நின்று பெயின்ட் அடித்தவரோடு சண்டை. ஹெல்மெட் எங்கே என்று சொந்த மச்சானையே நடுரோட்டில் மறித்திருக்கிறேன்.

"ஏலே, நீ லீவுக்கு வந்திருக்கியா, ரெய்டுக்கு வந்திருக்கியா?" என்பாள் அக்கா.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு நாரணாபுரத்தில் அவள் வீடுதான் எனக்கு வீடு. பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறாள். காலையில் கம்பெனி வேன் தெருமுனையில் ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். இறங்கும்போது அவள் நகக்கண், காது மடல், புருவம் எல்லாம் வெள்ளிப் பொடி மின்னும். ரெண்டு தடவை சோப்புப் போட்டாலும் காதில் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

அங்கே வெறுங்காலோடுதான் வேலை என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் சிவகாசியில் காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்த்தவன், பட்டாசுக் கம்பெனிக்குள் கால் வைத்ததே கிடையாது. சிங்கப்பூர் பட்டறையில் முதல் நாளே எனக்கு பூட்ஸ் கொடுத்தார்கள். பூட்ஸ் இல்லாதவனை கேட்டுக்குள் விடமாட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அக்காவின் வெறுங்கால் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. முதலாளிகளின் கஞ்சத்தனம், நம் ஜனங்களின் அறியாமை என்று அங்கே ரூமில் இருக்கிறவர்களிடம் பேசிப் பேசித் தீர்த்தேன்.

போன தீபாவளிக்கு ரெண்டு மாசம் முன்னால் லீவு கிடைத்தது. அக்காவுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். நல்ல கம்பெனி பூட்ஸ். முனையில் இரும்புத் தகடு வைத்தது, மேலே என்ன விழுந்தாலும் விரல் நசுங்காது. வீட்டு நடுவில் வைத்து, பெருமையாகத் திறந்து காட்டினேன்.

அக்கா அதைக் கையில் எடுத்தாள். முனையைச் சுண்டிப் பார்த்தாள்.

"ஏலே, இது இரும்பா?"

"ஆமா. லாரி ஏறினாலும் ஒண்ணும் ஆகாது."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரில் சாய்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துச் சிரித்தாள். மச்சானும் சேர்ந்து சிரித்தார்.

"லாரி ஏறினா ஒண்ணும் ஆகாதுலே. நான் இத மாட்டிக்கிட்டு ரூமுக்குள்ள போயி, தரையில ஒரு ஒரசு ஒரசுனா, நீ என்னைப் பொறுக்கித்தான் எடுக்கணும்."

பிறகு சொன்னாள். மருந்து இருக்கிற இடத்தில் இரும்பு ஆகாது. கொலுசு, ஊக்கு, ஹேர்பின் எதுவும் கூடாது. நைலான் சேலை கூடாது, பருத்திதான். வாசலில் செம்புத் தகடு இருக்கும், அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெறுங்காலில் நின்றால்தான் துணி உரசி உடம்பில் ஏறுகிற கரண்ட் தரைக்கு இறங்கும். ஒரு ரூமுக்கு நாலு பேர்தான்.

பாதுகாப்புப் பயிற்சி முடித்தேன் என்று என்னிடம் மூன்று சர்டிபிகேட் இருக்கிறது. அவளிடம் ஒன்றும் இல்லை. ஒன்பது வருஷமாக என் அக்காவை நான் விவரமில்லாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஆனால் என் வாய் அடங்குகிற வாயா? "நாலு பேர்தான் இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவள் பூட்ஸைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். "சீசன்ல ஆறு" என்றாள்.

"தெரிஞ்சேவா ஒக்காந்திருக்கே?"

"தெரியாமலா ஒக்காருவாக?"

எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. சிங்கப்பூரில் வேலை ஆபத்து என்றால் கடைசி ஆள்கூடக் கையைத் தூக்கி வேலையை நிறுத்தலாம், அப்படி என் கழுத்து அட்டையிலேயே எழுதியிருக்கிறது என்று கத்தினேன். மறுநாள் காலையில் வேனோடு கம்பெனி போர்மேன் வந்திருந்தார். தெருவில் எல்லாரும் பார்க்க அவரைப் பிடித்தேன்.

"வாங்க அண்ணாச்சி, எப்ப வந்தீக?" என்றார் மரியாதையாக.

"ஆறு பேரை ஒரு ரூமுல அடைச்சிருக்கீகளே, வெடிச்சா நீங்களா வந்து அள்ளுவீக?"

அவர் நீங்க சொல்றது சரிதான் என்று தலையை ஆட்டினார். அக்கா என்னைப் பார்க்காமல் வேனில் ஏறினாள். மறுநாள் வேன் வந்தது, நின்றது, மற்றவர்களை ஏற்றியது. அக்கா படியில் கால் வைத்ததும், "உங்களுக்கு அடுத்த வாரம் சொல்லி அனுப்புறோம்க்கா" என்றார் டிரைவர்.

அவள் சாப்பாட்டுத் தூக்கோடு திரும்பி வந்தாள். இருபது வருஷமாகப் போன வேலை. என்னால் போனது.

நாலு நாள் வீட்டில் இருந்தாள். திட்டவில்லை. எனக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு வைத்தாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டித் தப்பித்திருப்பேன். நாலாம் நாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்:

"நீ அங்கன எத்தனை தடவை கையத் தூக்கி நிப்பாட்டியிருக்கே?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஒரு தடவைகூட இல்லை. ஒருமுறை கப்பல் டேங்க்குக்குள் விஷவாயு இருக்கிறதா என்று சோதிக்காமலே ரெண்டு பேரை இறக்கினார்கள். சோதிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அது என் ஒர்க் பெர்மிட் புதுப்பிக்கிற மாசம். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரெண்டு பேரும் நல்லபடியாக ஏறி வந்தார்கள், அது அவர்கள் அதிர்ஷ்டம். இதை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம் சொன்னேன்.

கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "அதுக்கா மொகத்தத் தொங்கப் போட்டிருக்கே? சாப்புடு."

ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கிளம்பி போர்மேன் வீட்டுக்குப் போனாள். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீ வந்தது போதும்" என்றாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள்.

"நாளைக்கு வேன் வரும். ரூமுக்கு அஞ்சு பேரு."

"எப்பிடி?"

"தம்பி பேசுனது தப்புன்னு மன்னிப்புக் கேட்டேன். அப்பொறம், அவன் சிங்கப்பூர்ல ஆபீசரு, வேலிக்கு வெளிய நின்னு எல்லாத்தையும் போனுல படம் புடிச்சு வச்சிருக்கான், மேலிடத்துக்கு அனுப்பாம நான்தான் தடுத்து வச்சிருக்கேன்னேன்."

"நான் எங்க படம் புடிச்சேன்?"

"அது அவருக்குத் தெரியுமா?"

சட்டம் நாலு என்கிறது. அஞ்சும் தப்புதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டேன். நான் கத்தி அவள் வேலை போனது. அவள் போய் மன்னிப்புக் கேட்டு, பொய்யும் சொல்லி ஒரு ஆளைக் குறைத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த அஞ்சின் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.  ஆனால் ஊரில் யாரைப் பார்த்தும் விவரம் கெட்டவன் என்று சொல்ல இப்போது வாய் வருவதில்லை.

சிங்கப்பூர் திரும்பி வந்ததிலிருந்து தினமும் வேன் அவளை இறக்குகிற நேரத்துக்கு போன் போடுகிறேன். எடுத்ததும், "வந்துட்டேன்லே, வையி" என்பாள். இன்றைக்கு எத்தனை பேர் என்று கேட்பேன். சில நாள் நாலு என்பாள், சில நாள் அஞ்சு. சில நாள் பேச்சை மாற்றுவாள். போன வாரம் எனக்கு ஓவர்டைம், போன் போட முடியவில்லை. அவளே கூப்பிட்டுவிட்டாள்.

"ஏலே, நீ சாரத்துலயிருந்து எறங்கிட்டியா இல்லியா?"

இறங்கிவிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள்.