பூட்டுக்கு ஊற்றிய எண்ணெய்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மெல்போர்ன் மல்கிரேவில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் நடந்தது. எங்கள் பிரிவில் தமிழர்கள் இரண்டே பேர். மதுரைக்காரன் நான், இன்னொருவர் யாழ்ப்பாணத்து அண்ணன். அவர் மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்தவர். அதற்காகக் கூடப்பிறந்தவர்களே அவர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அந்தப் பிரிவில் விலக்கு என்பதால் காபி, டீ தொடமாட்டார். அதைச் சொல்லியே அலுவலகத்தில் அவரை ஓட்டுவார்கள். வாய்க்கொழுப்பில் முதல் ஆள் நான்தான். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

ஒருநாள் ஸ்டோர் ரூமைத் திறக்க அவருடைய சாவிக்கொத்தை வாங்கிப் போனேன். பூட்டு மக்கர் பண்ணியது. கொத்தில் சுண்டுவிரல் அளவில் ஒரு குப்பி தொங்கியது. திருகிப் பார்த்தால் எண்ணெய். நல்லதாகப் போச்சு என்று மொத்தத்தையும் பூட்டுக்குள் விட்டேன். கதவு திறந்துகொண்டது. எனக்குப் பெருமை வேறு.

திரும்பி வந்தால், அவர் பையை மாட்டிக்கொண்டு முகம் வெளிறி நிற்கிறார். ஆறு வயது மகளுக்கு மூச்சுத்திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று மனைவி போன் செய்திருந்தார். சாவியை வாங்கியவர் குப்பியை ஆட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள இருந்த எண்ணெய் எங்க, தம்பி?"

"பூட்டுக்கு விட்டுட்டேண்ணே."

"அது வருத்தக்காரரின்ர, நோயாளியின்ர தலையில வைச்சு ஜெபிக்கிற எண்ணெய்."

அவ்வளவுதான் சொன்னார். குரல்கூட உயரவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. ஒருமுறை என் பர்ஸிலிருந்து பழனி விபூதிப் பொட்டலம் கீழே விழுந்தபோது, அதை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தவர் இவர்.

"குசினியில ஒலிவ் ஒயில் இருக்கோ, பாரும்," என்றார்.

அலுவலகச் சமையலறைக்கு ஓடிப்போய், சாலட்டுக்கு வைத்திருந்த பாட்டிலை எடுத்து நீட்டினேன். பின்னாலேயே வந்தவர் குப்பியை நிரப்பிக் கையில் ஏந்தி, மைக்ரோவேவ் பக்கத்திலேயே நின்று கண்ணை மூடினார். "பரலோகப் பிதாவே" என்று அந்த எண்ணெயை ஆசீர்வதிக்கச் சொல்லி மெல்ல ஜெபிக்கத் தொடங்கினார். தமிழ். அந்நியச் சாமி என்று நான் இத்தனை நாள் கேலி செய்த சாமியிடம், அவர் என் மொழியில் பேசிக்கொண்டிருந்தார். நேற்று தக்காளி மேல் ஊற்றிய எண்ணெய்தான், ஆனால் அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கண் திறந்தவர் என் காலைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். எப்போது ஷூவைக் கழற்றினேன் என்றே தெரியவில்லை.

"போயிட்டு வாறன், தம்பி," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பத்து நாளில் குழந்தை வீடு திரும்பியது. மருந்தா, எண்ணெயா என்று நான் யாரிடமும் வாதாடுவதில்லை. இன்னொருவர் கும்பிடுவதைப் பார்த்துச் சிரிப்பு வரும்போதெல்லாம், அன்று என்னைக் கேட்காமலே ஷூவைக் கழற்றிய என் கால்கள் ஞாபகம் வந்து வாயை அடைத்துவிடுகின்றன.