நாங்கள் தோற்ற பிறகு ஊரே எங்களுக்கு வாக்களித்தது

தேர்தலில் வென்ற கட்சிக்கு ஊர் முழுக்கச் செயலாளர்கள். தோற்ற கட்சிக்கு ஒரே ஒருவன்தான், அலுவலகத் திறப்பு, அதாவது சாவி, யாருடைய பையில் மாட்டிக்கொண்டதோ அவன். எங்கள் கட்சியில் அந்தப் பாவி நான். கற்பிட்டிப் பக்கம் வலை, கயிறு, மிதவை விற்கிற கடைக்காரன். மிச்ச நேரத்தில் கிளைச் செயலாளர்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் வந்த பிரதேச சபைத் தேர்தலில் எங்கள் முதன்மை வேட்பாளர் நசீர் சேர். ஓய்வுக்கு நாலு வருடம் இருக்க, பள்ளிக்கூட அதிபர் வேலையை விட்டுவிட்டு இறங்கியவர். மீன் வாடி முதலாளி கமால்தீன் ஹாஜியாரிடம் படு தோல்வி. ஹாஜியார் சபைக்குத் தலைவர், தவிசாளரானார். சேர் ஜும்ஆத் தொழுகைக்குப் போனால் சின்னப் பிள்ளைகள்கூட "தோத்த சேர் வாறார்" என்கிறார்கள். மனுஷனுக்கு வெட்கம் தாங்கவில்லை. இன்னொரு தடவை வாக்குக் கேட்டு, வென்று, அந்தப் பெயரைக் கழுவ வேண்டும். அதற்குத் தலைமையகம் அவரையே எங்கள் தொகுதி அமைப்பாளராகப் போட வேண்டும். அதற்காக நான் பட்ட பாட்டை, தோற்ற கட்சிகளின் செயலாளர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நாற்பது சஹன்

தோல்விக்குக் காரணம் கண்டுபிடிக்கக் கூட்டம் வைக்கச் சொல்லித் தலைமையகம் கடிதம் போட்டது. வெறும் கூட்டத்துக்கு எவன் வருவான்? சாப்பாடு போட்டோம். சஹன் என்றால் ஒரு பெரிய தட்டு, அதைச் சுற்றி ஆறு பேர் குந்தியிருந்து சாப்பிடுவார்கள். நாற்பது சஹன் போனது. அந்த வட்டாரத்தில் எங்களுக்கு விழுந்ததோ நூற்றிச்சொச்சம் வாக்கு.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு ஒவ்வொருவராக எழும்பிச் சத்தியம் செய்தார்கள். "வல்லாஹி, நான் சேருக்குத்தான் புள்ளடி போட்டன்." எல்லாரும் சேருக்கே வாக்குப் போட்டிருக்கிறார்கள்! ஒரு ஆள் மிச்சமில்லை. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டார். கடைசியில், ஆக்கிய சமையல்காரர் கரண்டியோடு வந்து சேரின் காதுக்குள் சொன்னார்: "சேர், அன்டைக்கும் வாக்குச்சாவடிக்குப் பக்கத்தால ரெண்டு சஹன் வெச்சிரிந்தா இந்தச் சனம் எல்லாம் வந்திரிக்கும்."

எத்தாளை ஹாஜியாரின் உதவி

தேர்தல் முடிந்து இரண்டு கிழமையாக சேரின் வீட்டுக்கு ஆட்கள் மௌத்து வீட்டில் துக்கம் விசாரிக்க வருகிற மாதிரியே வந்தார்கள். கதிரையில் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, பிளேன்டீ குடித்துவிட்டுப் போவார்கள். எத்தாளையிலிருந்து வந்த ஒரு வயசாளி ஹாஜியார் சேரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அவர் சொன்னார்: "மனசுல ஒன்டும் வெச்சுக்காதீங்க சேர், வாக்க கமால்தீன் ஹாஜியாருக்குப் போட்டாலும் அல்லாஹ்கிட்ட துஆ உங்களுக்குத்தான் கேட்டன்."

கைதட்டல் இங்கே, புள்ளடி அங்கே

எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி ஒரு குடியேற்றம். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த சனம் இருக்கிற இடம். சேர் அங்கே மட்டும் ஆறு கூட்டம் பேசினார். மற்ற ஊர்களில் கொட்டாவி விட்டார்கள். இங்கே கைதட்டல் என்றால் கூரைத் தகரம் அதிரும். அதை நம்பி நாங்கள் வேறு நாலு ஊருக்குப் போகவேயில்லை. பெட்டியைத் திறந்தால் அங்கிருந்து பதினொரு வாக்கு!

சண்டை பிடிக்கிற எண்ணத்தோடுதான் போனேன். குடியேற்றத்துத் தலைவர் நூர்தீன் நானா என்னை இருத்தி, பாணும் சம்பலும் வைத்து, சாவதானமாகச் சொன்னார். அவர்களுடைய பெயரெல்லாம் இன்னும் மன்னார் வாக்காளர் இடாப்பில்தான். தேர்தலன்று விடியவே பஸ் பிடித்துப் போய், எங்கள் சின்னத்துக்கே போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அங்கே எங்கள் சின்னத்தில் நின்ற யாரோ ஒருவர், ஒரு கூட்டமும் வைக்காமல், அமோகமாக வென்றிருக்கிறார். சேர் தொண்டை கிழியக் கத்தியது அவருக்காகத்தான்!

"இங்க பதியலாமே நானா?" என்றேன். "இரிக்க இடம் இங்க தந்தீங்க, அல்ஹம்துலில்லாஹ். பேராவது ஊர்ல இரிக்கட்டும் தம்பி" என்றார். அதற்குமேல் எனக்குக் கோபப்பட முடியவில்லை. ஆனாலும் ஆறு கூட்டத்தில் ஒரு கூட்டத்திலாவது இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்: "சேர் ஒவ்வொரு நாளும் அழகாக் கதைச்சார், நடுவுல குழப்பினா மரியாத இல்லையே."

எதையும் எதிர்ப்போம்

பிறகு கொழும்பிலிருந்து தலைமையகம் ஒரு ஆலோசகரை அனுப்பியது. கடற்கரைப் பக்கம் வருகிறோம் என்று கறுப்புக் கண்ணாடி வேறு. எதிர்க்கட்சி என்றால் சபை செய்கிற எதையும் எதிர்க்க வேண்டும், அப்போதுதான் சனத்துக்கு ஞாபகம் இருக்கும் என்றார். அந்த நேரம் பார்த்து தவிசாளர் ஆலங்குடா ரோட்டுக்கு விளக்குப் போட்டார். விடுவோமா? "இது பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரருக்குப் போட்ட விளக்கு, சனத்துக்கு இல்லை, உடனே கழற்று" என்று மனு எழுதினேன். முதல் கையெழுத்து சேருடையது.

தவிசாளர் மனுவை மதித்தார். ஒரே ஒரு விளக்கை மட்டும் கழற்றச் சொன்னார். அது சேரின் வீட்டு வாசலில் இருந்தது. ஏணியோடு வந்தவர்கள் சேரின் கையெழுத்தை சேரின் மனைவி ராத்தாவுக்கே காட்டியிருக்கிறார்கள். நான் போன நேரம் ராத்தா வாசலில் நின்றார். சேர் வீட்டுக்குள் எங்கேயோ ஒளிந்திருந்தார். ராத்தா சொன்னார்: "தம்பி, நீங்க ரெண்டு பேரும் நாட்டையே எதிர்த்துக்கோங்க, என்ட வாசல் லைட்ட மட்டும் ஆளுங்கட்சியில விட்டிருங்க."

பன்னிரண்டு பக்கம்

போகும்போது ஆலோசகர் என்னிடம் ஒரு அறிக்கை கேட்டார். எதிரியின் பலம் என்ன, அவரை அடுத்த முறை எப்படித் தோற்கடிப்பது? நான் உண்மையான மனுஷன், ஒன்றையும் மறைக்கவில்லை. கமால்தீன் ஹாஜியாருக்கு எத்தனை வள்ளம், எத்தனை குடும்பம் அவரை நம்பி இருக்கிறது, வண்ணாத்திவில்லு வரைக்கும் எங்கெங்கே சம்பந்தம் செய்திருக்கிறார் என்று பதினொரு பக்கம் எழுதினேன். தோற்கடிக்கிற வழி ஒரு பக்கம், அதுவும் பெரிய எழுத்தில்.

ஒரு மாதத்தில் தலைமையகத்துப் பெரியவர் அமைப்பாளரை அறிவிக்க வருகிறார் என்று செய்தி வந்தது. சேர் புதுச் சேர்ட் போட்டு, ராத்தாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். சேருக்குப் போட மாலையும் வாங்கி வைத்திருந்தேன். வாகனம் வந்தது. முன் கதவால் பெரியவர் இறங்கினார். பின் கதவால் கமால்தீன் ஹாஜியார் இறங்கினார், எங்கள் கட்சி நிறத்தில் சால்வையோடு!

பெரியவர் என் தோளில் தட்டிச் சொன்னார், என் அறிக்கையை முழுக்க வாசித்தார்களாம், இவ்வளவு பலமான ஆளைத் தோற்கடிப்பதைவிட எடுத்துக்கொள்வது லேசு என்று விளங்கிவிட்டதாம். ஹாஜியார்தான் இனி அமைப்பாளர், அடுத்த முறை முதன்மை வேட்பாளரும் அவரே. மாலை என் கையில் தொங்கியது. சேர் அதை வாங்கி ஹாஜியாரின் கழுத்தில் போட்டார். ராத்தா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அந்த நேரம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோசப்பட்டிருப்பேன்.

கூட்டம் முடிய முதலே சேர் வெளியேறினார். பின்னாலேயே ஓடினேன். என்னால்தான் சேர், என்னை மன்னியுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவர் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு மாதிரிச் சிரித்தார்: "விடுங்க ரமீஸ், இவ்வளவு நாளும் எதிரிக்கிட்ட தோத்தன் என்டு வெக்கமா இரிந்திச்சு, இப்ப பாத்தா நம்மட கட்சிக்காரனுக்கிட்டத்தான் தோத்திரிக்கன்."

ஆகவே, தோற்ற கட்சிக்குத் திட்டம் எழுதப் போகிற சகோதரர்களே, எதிரியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுமுன், அவர் அடுத்த தேர்தல் வரைக்கும் எதிரியாகவே இருப்பார் என்று அவரிடமே ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.