புள்ளி வைத்த இடம்

போன வாரம் சிங்காரத்தின் மகளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அப்பா தவறிவிட்டார், காரியம் வெள்ளிக்கிழமை, வரவும். இரண்டே வரி. படித்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, பயம். அரியலூர் நிலவியல் ஆபீசில் அவரோடு வேலை பார்த்த நண்பர்களுக்கு அந்தப் பயம் ஏன் என்று இன்றுவரை தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய குழிகளில், பழங்காலக் கடல் சிப்பிகள் கல்லாகிக் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்து அறிக்கை எழுதுவது என் வேலை. படம் வரைய வந்தவர் வாலிகண்டபுரத்துச் சிங்காரம். அதுவரை நாடகத் திரை எழுதியவர். அரண்மனை வரைந்த கை கல்லை என்ன செய்யும் என்று சிரித்தோம். அவர் ஒரு சிப்பியை மூன்று நாள் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதன் வரிகளை எண்ணிச் சொன்னார். நான் எண்ணியதில் இரண்டு விட்டுப்போயிருந்தன. "சார் சுத்தியல எடுத்தா கடலே ஒடஞ்சிடும், மெல்லங்க" என்று பிறகு அவர்தான் என்னைக் கிண்டல் செய்வார்.

அவரிடம் ஒரு வழக்கம். கல்லில் இருப்பதை மையால் கோடு போடுவார். உடைந்துபோன பகுதிக்குப் புள்ளிதான். "பாத்ததுக்குக் கோடு, பாக்காததுக்குப் புள்ளிங்க" என்பார். ஒரு பெரிய சுருள்சிப்பியின் வாய்ப்பக்கம் உடைந்திருந்தது. சுருள் உள்ளே மடங்கித்தான் முடியும் என்று நான் அடித்துச் சொன்னேன். "திரையா இருந்தா நீங்க கேக்குறத எழுதிடுவேன். இது கல்லுங்க. இன்னும் ஒண்ணும் சொல்லல" என்று மூன்று புள்ளியோடு நிறுத்திவிட்டார்.

படம் முழுசாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை எனக்கு. அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அந்தப் புள்ளிகளின் மேல் நானே கோடு இழுத்து உள்ளே மடக்கிவிட்டேன். அறிக்கை அச்சானது. படத்தின் அடியில், 'சித்திரம்: சிங்காரம்'.

அடுத்த வருஷம் செந்துறைப் பக்கம் அதே வகைச் சிப்பி ஒன்று உடையாமல் கிடைத்தது. கடைசிச் சுருள் மடங்காமல் வெளியே நீண்டிருந்தது. மேலதிகாரி எல்லோர் முன்னாலும், "நாடகத் திரை எழுதுறவன்கிட்ட வேற என்ன வரும்? கற்பனைதான் வரும்" என்றார். சிங்காரம் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரிங்க" என்றார். அந்தப் பட அட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு எப்போதாவது பெரம்பலூர் கடைத்தெருவில் பலகை எழுதிக்கொண்டிருப்பார். ஏணியிலிருந்து குனிந்து, "புதுசா ஏதாச்சும் கெடச்சுதாங்க?" என்று மட்டும் கேட்பார். நான் ஏதோ சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். இப்போதும் எந்தக் கல்லைக் கையில் எடுத்தாலும், மேலே ஓர் ஏணியிலிருந்து அவர் குனிந்து பார்ப்பதுபோல் இருக்கிறது. நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வருவதில்லை.

காரியத்தன்று மகள் அந்த அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் போட்ட கோட்டைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, காகிதம் மெலிந்த அதே இடத்தில் மறுபடி மூன்று புள்ளி வைத்திருந்தார்.

"அப்பா தப்பா போட்டுட்டாங்கன்னு ஆபீஸ்ல சொன்ன படம் இதானுங்களா?"

"அது நான் போட்ட கோடும்மா."

அவள் அந்தப் புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நான் போடலன்னு அப்பா சொன்னாங்க. அப்ப யாருன்னு அம்மா எத்தனையோ தடவ கேட்டாங்க. கண்ணால பாக்காதத எப்படிச் சொல்றதுன்னுட்டாங்க" என்றாள்.

அட்டையை என் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். அது நியாயம்தான். அவருடையதாக என்னிடம் இருப்பது அச்சான அந்த அறிக்கை ஒன்றுதான். அதில் என் கோடு இருக்கிறது. அடியில் அவர் பெயர் இருக்கிறது.