பாஞ்சாலை கையெழுத்துப் போட்ட கதை

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து இறங்குகிற ஜீப்பில் பாஞ்சாலை எப்போதும் முன்சீட்டில்தான் உட்காருவாள். சொகுசுக்காக இல்லை. பின்னால் உட்கார்ந்தால் டிரைவரிடம் கேள்வி கேட்க முடியாது, அதற்காக. கியர் மாற்றினால் சத்தம் ஏன் மாறுகிறது, இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டால் என்ன ஆகும் என்று திருப்பத்தூர் போய்ச் சேர்கிற வரை குடைந்தெடுப்பாள். "உனக்கு டிக்கெட்டே வேணாம்க்கா, வாயை மட்டும் மூடிக்கினு வா" என்று டிரைவர் விஜயராஜ் ஒருமுறை கும்பிட்டே விட்டான். மாட்டு டாக்டர், ரேஷன் கடைக்காரர், பூச்சிமருந்து விற்கிறவர், ஒருவரும் அவளிடம் தப்பியதில்லை. படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. வயது நாற்பத்தொன்று. மூன்று ஏக்கர் சாமைக் காடு, பதினோரு புளியமரம், லட்சுமணன் என்று ஒரு புருஷன்.

லட்சுமணன் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவள் எதைக் கேட்டாலும் 'ம்' என்பான். பதில் தெரிந்தாலும் 'ம்', தெரியாவிட்டாலும் 'ம்'. இருபத்திரண்டு வருஷமாக அந்த 'ம்'மோடுதான் அவள் குடித்தனம் நடத்துகிறாள். வேறு யாருடைய பேச்சும் அவளுக்கு அவ்வளவு பிடித்ததில்லை.

போன ஐப்பசியில் புளியமரத்தடியில் புதர் வெட்டிவிட்டு வந்தவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து நாள் மாத்திரையில் ஓட்டினார்கள். ஆறாம் நாள் விடியுமுன்னே மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஜீப்பில் மலையிறங்கி, ஆம்புலன்ஸுக்கு மாறி, வேலூர்ப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

அங்கே ஓர் இளவயது டாக்டர் முதல் காரியமாக லட்சுமணனின் உடம்பை அங்குலம் அங்குலமாகத் தேடினார். அக்குள், காதுமடல், தொடை இடுக்கு. கடைசியில் அரைஞாண் கயிற்றை ஒதுக்கிப் பார்த்தார். கயிற்றுக்கு அடியில், சிகரெட் சூடு பட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருந்தது. உண்ணிக் காய்ச்சல் என்றார். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்த இடமாம் அது. அழுதுகொண்டிருந்த பாஞ்சாலை அழுகையை நிறுத்திவிட்டு, அந்தப் பூச்சிக்குக் கயிற்றுக்கு அடியில் போக வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள். டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, துணியோ கயிறோ இறுக்குகிற இடத்தில்தான் அது தங்கும் என்று பொறுமையாகச் சொன்னார். நல்ல மனுஷன்.

பத்து மணிக்கு லட்சுமணனை ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் போட்டார்கள். நுரையீரல் நனைந்த பஞ்சாகிவிட்டது, மருந்து வேலை செய்கிற வரை மிஷின்தான் மூச்சு விட வேண்டும், இரண்டு பக்கமும் சொல்ல முடியாது என்றார்கள். பிழைக்கலாம், போகவும் செய்யலாம்.

பதினொரு மணிக்கு வெண்ணிலா என்ற நர்ஸ் கையில் தாளோடு வந்தாள். ஆராய்ச்சி வேலைக்கென்றே இருக்கிறவள். விஷயத்தை அவள் எளிமையாகத்தான் சொன்னாள். வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு ஆக்சிஜனை எந்த அளவில் வைப்பது என்பதில் ஒரு கேள்வி இருக்கிறது. விரலில் மாட்டிய கிளிப் காட்டும் எண் தொண்ணூற்றாறுக்கு மேல் இருக்கும்படி தாராளமாகக் கொடுப்பவர்களும் உண்டு, தொண்ணூறை ஒட்டி இருந்தால் போதும் என்று அளவாகக் கொடுப்பவர்களும் உண்டு. குறைந்தால் ஆபத்து, சரி. கூடினாலும் நுரையீரலுக்குக் கெடுதலோ என்று சந்தேகம். எது நல்லதென்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதனால் பல நூறு பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்க்கிறார்கள். யார் எந்தப் பிரிவு என்பது ஒட்டி வைத்த கவரில் இருக்கும். வீட்டார் சம்மதித்தால்தான் கவரைத் திறப்பார்கள், அதுவும் நாலு மணிக்குள். சம்மதிக்காவிட்டாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வராது.

பாஞ்சாலையின் முகம் தெளிந்துவிட்டது. "எங்க ஊர்லயும் இதான் பண்ணுவோம் சிஸ்டர்" என்றாள். பூக்கட்டிப் பார்ப்பதைத்தான் சொன்னாள். பெண் எடுப்பதா வேண்டாமா, கிணறு வெட்டுவதா வேண்டாமா என்று மனசு குழம்பினால், வெள்ளைப் பூ ஒன்றும் சிவப்புப் பூ ஒன்றும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வந்தது அம்மன் வாக்கு, அப்புறம் அதில் பேச்சில்லை. "அவருக்கு எது ஒத்துக்குமோ அதான் கவர்ல வரும். பேனாவ குடுங்க" என்று கையை நீட்டினாள்.

வெண்ணிலா பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாங்கியிருக்கலாம். கையெழுத்து கிடைத்திருக்கும், வேலையும் முடிந்திருக்கும். ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. "இல்லக்கா. அந்தக் கவருக்கு ஒண்ணும் தெரியாது. அவருக்கு ஆகாதது கூட அதுல வரலாம். அது புரிஞ்சுதான் நீங்க போடணும்" என்றாள்.

பாஞ்சாலைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இத்தனை நேரத்தில் கிடைத்த ஒரே ஒரு பிடிமானம், அதையும் இந்தப் பெண் பிடுங்கிக்கொண்டாளே என்று இருந்தது. விருட்டென்று எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

வராந்தாவில் குப்பம்மாள் உட்கார்ந்திருந்தாள். படவேட்டுக்காரி, அறுபதை நெருங்கியவள். அவள் புருஷன் பாண்டுரங்கன் கரும்பு விவசாயி. நிமோனியா முற்றி, அன்று காலையில்தான் அவரையும் பக்கத்துப் படுக்கையில் வென்டிலேட்டரில் போட்டிருந்தார்கள். அவளிடமும் அதே தாளைப் படித்துக் காட்டியிருந்தார்கள். "எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீ இன்னாம்மா பண்ணப் போறே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்றாள் பாஞ்சாலை.

மூன்று மணி வரை யோசித்தாள். அம்மன் இல்லாமல், 'ம்' சொல்ல ஆளும் இல்லாமல் ஒரு முடிவை எடுப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. பிறகு எழுந்து போய் வெண்ணிலாவைப் பிடித்தாள்.

"இந்தக் கவரைத் தொறக்கலன்னா, அவருக்கு எவ்ளோ குடுப்பீங்க?"

அந்த நேரத்தில் டூட்டியில் இருக்கும் டாக்டரின் வழக்கப்படி என்றாள் வெண்ணிலா. காலை டாக்டர் கொஞ்சம் கூட்டி வைப்பார், சாயந்திரம் வருகிறவர் குறைத்து வைப்பார்.

"யாருக்கு எந்த டாக்டர் வருவாரு?"

"அது டூட்டி சார்ட்ல போட்டபடிக்கா."

"அப்போ இப்பவும் யாரோ பூ எடுத்துக்கினுதான் இருக்காங்க. இன்னா வந்துச்சு, இன்னா ஆச்சுன்னு மட்டும் யாரும் எழுதி வெக்கல" என்றாள் பாஞ்சாலை.

மூன்று வருஷமாக இதே தாளை விளக்கிக்கொண்டிருக்கும் வெண்ணிலாவுக்கு, இதை யாராவது தனக்கே இப்படி விளக்குவார்கள் என்று தோன்றியதே இல்லை. ஆமாம் என்று தலையாட்டினாள். "எழுதி வெக்கறதையே எடுங்க சிஸ்டர்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள் பாஞ்சாலை. ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள்.

பிறகு வராந்தாவுக்கு வந்து எல்லாவற்றையும் குப்பம்மாளுக்கு எடுத்துச் சொன்னாள். கவர் சாமி இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். குப்பம்மாள் வெண்ணிலாவைக் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஆனாலும் கைநாட்டு வைக்கிறபோது அவள் பார்த்தது பாஞ்சாலையைத்தான்.

லட்சுமணனுக்கு வந்தது குறைவு. பாண்டுரங்கனுக்கு வந்தது தாராளம்.

அடுத்த எட்டு நாளும் இரண்டு பெண்களும் வராந்தாவே கதியென்று கிடந்தார்கள். ஒருத்தி வாங்கி வந்த இட்லியை இரண்டு பேரும் தின்றார்கள், ஒரே குழாயில் துணி அலசினார்கள். காலையும் மாலையும் பத்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். வெளியே வந்ததும் குப்பம்மாள், "எங்க வூட்டுக்காரருக்கு இன்னிக்குத் தொண்ணூத்தேழு" என்பாள், பிள்ளை மார்க் வாங்கி வந்த மாதிரி. பாஞ்சாலை தொண்ணூற்றொன்று என்று வாய்க்குள்ளேயே சொல்லுவாள். எல்லாம் புரிந்து கையெழுத்துப் போட்டவள்தான். ஆனாலும் அந்த ஆறு எண் வித்தியாசம் நெஞ்சைப் போட்டு அரித்தது. குறைந்த காற்றில் அவன் திணறுகிறானோ, நாம்தான் கையெழுத்துப் போட்டு அதை வாங்கிக் கொடுத்துவிட்டோமோ என்று எத்தனையோ முறை நினைத்தாள். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று வெண்ணிலா சொல்லித்தான் இருந்தாள். ஆறாம் நாள் அதைக் கேட்டுவிடக் கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள்.

ஒன்பதாம் நாள் காலை லட்சுமணனின் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். கண் திறந்து அவளைப் பார்த்தான். காய்ச்சல் விட்டு மூணு நாளாச்சு, இனி பயமில்லை என்றார் டாக்டர். அன்று பதினொரு மணிக்குப் பாண்டுரங்கன் இறந்துபோனார்.

குப்பம்மாளின் கதறல் கேட்டதும் பாஞ்சாலை மாடிப்படிக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டாள். ஆம், ஒளிந்துகொண்டாள். கவரினால் செத்தாரா, நிமோனியாவினால் செத்தாரா என்று அவளுக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. ஆனால் குப்பம்மாள் கைநாட்டு வைத்தது யார் பேச்சைக் கேட்டு என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அந்தக் கண்களை எப்படிப் பார்ப்பது?

குப்பம்மாளே அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. திட்டுவாள் என்று பாஞ்சாலை தலையைக் குனிந்துகொண்டாள். "உன் வூட்டுக்காரரு கண்ணு தொறந்தாராமே. நல்லா இருக்கட்டும்" என்றாள் குப்பம்மாள். பிறகு, "ஒண்ணு கேக்கணும். எழுதி வெக்கறாங்கன்னியே. செத்தவங்களையும் எண்ணுவாங்களா, இல்ல அடிச்சிடுவாங்களா?" என்றாள்.

பாஞ்சாலை ஊர் உலகத்தையெல்லாம் கேள்வி கேட்டவள். இதை மட்டும் கேட்காமல் விட்டிருக்கிறாள். மூன்று மாடியும் ஏறி ஓடினாள். வெண்ணிலா, இன்னொருவருடைய தாளைக் காட்டக் கூடாது என்று சொல்லி, எழுதாத வெறும் தாள் ஒன்றைக் கொண்டு வந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். அங்கே இரண்டு கட்டங்கள் இருந்தன. உயிரோடு இருக்கிறார், இறந்துவிட்டார். ஒருவரையும் விட மாட்டோம், விட்டால் மொத்தக் கணக்கும் பொய்யாகிவிடும் என்றாள் வெண்ணிலா. இதில் பேரெல்லாம் கிடையாது, ஆளுக்கு ஓர் எண்தான், எந்தப் பிரிவு நல்லதென்று பதில் சொல்ல இன்னும் மூன்று நான்கு வருஷம் ஆகும் என்றும் சொன்னாள்.

கீழே அமரர் ஊர்தி கிளம்பத் தயாராக நின்றது. பாஞ்சாலை மூச்சிரைக்க ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எண்ணுவாங்கக்கா. தாள்ல ரெண்டு கட்டம் இருக்குது. பொழச்சவங்களுக்கு ஒண்ணு, போனவங்களுக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரே அளவு. நான் என் கண்ணால பார்த்தேன்."

குப்பம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒன்பது நாளில் ஒருமுறைகூட அவள் தன் வாயால் புருஷன் பேரைச் சொல்லிப் பாஞ்சாலை கேட்டதில்லை. வூட்டுக்காரரு, அவரு, அவ்வளவுதான்.

"பாண்டுரங்கன்" என்றாள் குப்பம்மாள். "பேரைச் சரியா எழுதச் சொல்லும்மா."

பேர் எழுத மாட்டார்கள் என்பது பாஞ்சாலைக்கு இப்போது தெரியும்.

"சொல்றேன்க்கா" என்றாள்.